வயிற்றுக்கடியில் ஒரு கை

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று ஊரெல்லாம் சொல்லும். துரைராஜ் நிமிர்த்துவார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கால் மணி நேரத்தில் நிமிர்த்திக் கொடுத்துவிடுவார். வடிகிற எச்சில், கண்ணோரத்துப் பீளை, கழுத்துச் சங்கிலி, அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பல்லிளிக்கும் வேலைக்காரன், அவன் பின்னால் கொடியில் காயும் லுங்கி என்று எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிட்டு நாயை மட்டும் புல்வெளியில் ராஜா மாதிரி நிறுத்தி வைப்பார். செகந்திராபாத்தில் நாய் வளர்ப்பவர்கள் நடுவே அவருக்கு இருந்த பெயரே அதுதான். துரைராஜிடம் கொடுத்தால் வேண்டாதது எதுவும் படத்தில் இருக்காது என்பார்கள். அப்படி அவர் அழித்த ஆயிரம் சங்கதிகளில் ஒன்றை நினைத்து மட்டும் இன்றைக்கும் வருந்துகிறார். அது ஒரு கை. அவர் மனைவியின் கை.

துரைராஜின் கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குச் சமைத்துப்போட வட ஆற்காட்டிலிருந்து வந்தவர். பட்டாளம் போய்விட்டது, குடும்பம் செகந்திராபாத் லோத்குண்டாவிலேயே தங்கிவிட்டது. நாலு தலைமுறையில் வீட்டுத் தமிழ் தெலுங்கையும் தக்னி உருதுவையும் போட்டுப் பிசைந்த கதம்பச் சாதமாகிவிட்டது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தால் 'நக்கோ' என்றும், ஏன் என்று கேட்டால் 'கைக்கு' என்றும், ஆமாம் என்றால் 'ஹவ்' என்றும்தான் வரும். துரைராஜ் பத்து வருஷம் கல்யாணப் படம் எடுத்தார். மாப்பிள்ளையின் மாமன்மார் குறுக்கே வந்து வந்து அவருக்கு மனித குலத்தின் மேலேயே வெறுப்பு வந்திருந்த சமயம், 1999இல், பக்கத்துத் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் தன் இரண்டு டாபர்மேன்களை நாய்க் கண்காட்சி மலருக்காகப் படமெடுக்கக் கூப்பிட்டார். அந்த நாய்கள், எடுத்த படத்தைக் காட்டு என்று கேட்கவில்லை, குண்டாகத் தெரிகிறேனா என்று கேட்கவில்லை, நடுவில் சாப்பிடப் போகவும் இல்லை. அன்றோடு அவர் கல்யாண மண்டபத்துக்கு ஒரு கும்பிடு போட்டார்.

சொந்தக்காரர்கள் விடவில்லை. கல்யாண வீட்டில் போட்டோக்காரன் கிடைக்காவிட்டால், "துரையைக் கூப்பிடுங்க, மாப்பிள்ளையை நாலு கால்ல நிக்கச் சொன்னா வருவாரு" என்பார்கள். அவர் சிரித்துக்கொள்வார். ஏனென்றால் காலம் அவர் பக்கம் இருந்தது. ஊரின் அந்தக் கோடியில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வேலைக்கு வந்தார்கள். முதலில் வேலை, பிறகு கார், பிறகு ஃபிளாட், அதற்கு அடுத்து நாய். அந்த வரிசை தப்பவே தப்பாது. நாய் வந்தால் படம் வேண்டும்.

தொழில் இரண்டு பேருடையது, பெயர்தான் ஒருவருடையது. துரைராஜ் மண்ணில் குப்புறப் படுத்துக்கொள்வார். அவர் தலைக்குப் பின்னால் மனைவி விஜயகுமாரி உட்கார்ந்துகொண்டு பூனை மாதிரி கத்துவாள். அப்படியொரு அசல் பூனைக்குரல் அவளுக்கு. நாயின் இரண்டு காதும் விறைத்து நிற்கும், அந்த நொடியில் அவர் அமுக்கிவிடுவார். அடங்காத நாயென்றால் அவள் எழுந்து போய் அதன் பின்பக்கம் மறைந்து உட்கார்ந்து பிடித்துக்கொள்வாள். அப்போது முந்தானையோ முழங்கையோ படத்தில் விழும். வீட்டுக்கு வந்து அவர் அதை அழித்துவிடுவார்.

2006இல் தீபக் கூப்பிட்டான். நாச்சாரத்தில், மூடிப்போன ஒரு பாட்டரிக் கம்பெனியின் ஷெட்டுக்குப் பின்னால் ஜெர்மன் ஷெப்பர்டுகளை இனப்பெருக்கம் செய்து குட்டி விற்கிறவன். நல்ல பேச்சுக்காரன், கைவசம் நிறைய வேலை வைத்திருந்தவன். குட்டி வாங்க வருகிறவர்கள் தகப்பன் நாய் எப்படி என்று கேட்கிறார்கள், இணையத்தில் போட ஒரு பிரமாதமான படம் வேண்டும் என்றான். தகப்பனின் பெயர் மேஜர். தலையும் மார்பும் பார்த்தால் கண் எடுக்க முடியாது. ஆனால் எழுந்து வந்தபோதே துரைராஜுக்குத் தெரிந்துவிட்டது. பின்னங்கால்கள் இரண்டும் இடுப்புப் பொருத்தில் சொன்னபடி கேட்கவில்லை. நாலு அடி வைத்ததும் பின்பக்கம் சரிந்து உட்கார்ந்துகொண்டது. ஏழு வருஷம் நாய்களை மண்ணில் படுத்துப் பார்த்த கண் அது. அந்தக் கோளாறு குட்டிகளுக்கும் இறங்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

வழியும் தெரியும். இறக்கமான தரையில் முன்னங்காலை மேட்டிலும் பின்னங்காலைப் பள்ளத்திலும் நிறுத்தினால் முதுகு அழகாகச் சரிந்து இறங்கும். உயரமான புல் பாதத்தை மறைத்துவிடும். அப்படி நிறுத்தியும் மேஜரின் இடுப்பு இறங்கிக்கொண்டே போனது. தாங்கிப் பிடிக்க ஒரு கை வேண்டும்.

விஜயகுமாரி நகரவில்லை. "கைக்குங்க நமக்கு இந்த வேலை? நிக்க முடியாத ஜீவனை நிக்குதுன்னு காட்டணுமா?" என்றாள்.

"படம்தானே விஜயா" என்றார் அவர்.

அவள் நாய்க்குப் பின்னால் போய் உட்கார்ந்து, அதன் அடிவயிற்றில் கை கொடுத்துத் தூக்கினாள். மேஜர் கழுத்தைத் திருப்பி அவள் மணிக்கட்டை நக்கியது. அவள் இன்னொரு பக்கம் பார்த்துக்கொண்டு பூனை மாதிரி கத்தினாள். நாய் நிமிர்ந்தது. அவர் எடுத்துவிட்டார்.

அன்று மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து அவளுடைய நாலு விரல்களையும் ஒரு கண்ணாடி வளையலையும் அழித்தார். விரல் இருந்த இடத்தில் ரோமம், வளையல் இருந்த இடத்தில் புல். எத்தனை பெரிதாக்கிப் பார்த்தாலும் ஒட்டுத் தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அன்றைக்கு அவருக்கு வெட்கமே வரவில்லை. இப்படி ஒரு வேலையை இந்த ஊரில் வேறு எவனாவது செய்வானா என்ற பெருமைதான் வந்தது. மூலையில் தன் பெயரைப் பொறித்து அனுப்பினார்.

படம் ஓஹோவென்று ஓடியது. தீபக் தன் எல்லா நண்பர்களையும் துரைராஜிடம் அனுப்பினான்.

அடுத்த வருஷம் அவர்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து சேர்ந்தது. அனுபமாவும் அவள் புருஷனும் ஒரே சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. எட்டு வயசில் ஒரே பெண், ஹர்ஷிதா. கறிகாய்க் கடையில் விஜயகுமாரி பேசிய தமிழைக் கேட்டுவிட்டுத்தான் அனுபமா ஒட்டிக்கொண்டாள். ஒருநாள் சாயங்காலம் கையில் ஒரு காகிதத்தோடு வீட்டுக்கு வந்தாள். மேஜரின் படம். மகள் நாய்க்குட்டி கேட்டு ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். அந்த நாச்சாரத்துக்காரனிடம் இந்த நாயின் குட்டி இருக்கிறதாம்.

"ஏனுங்ண்ணா, மூலைல உங்க பேரப் பாத்தனுங்க, அதா ஓடி வந்தேன்" என்றாள். "நீங்க நேர்ல பாத்தவரு. நாய் நல்ல நாய்ங்களாண்ணா?"

உள்ளேயிருந்து காபி டம்ளரோடு வந்த விஜயகுமாரி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். துரைராஜ் காகிதத்தை வாங்கினார். புல் இருந்தது, ரோமம் இருந்தது, கை இல்லை. நாச்சாரத்திலிருந்து வரிசையாக வந்துகொண்டிருக்கிற வேலையை நினைத்தார். சரியாகச் சொன்னால், அதை மட்டும்தான் நினைத்தார்.

"படத்துல இருக்குற மாதிரிதான்மா" என்றார்.

குட்டிக்கு ஹர்ஷிதா லட்டு என்று பெயர் வைத்தாள். மேஜரின் படத்தைத் தன் கட்டிலுக்கு மேல் சுவரில் ஒட்டினாள். மாதம் ஒருமுறை லட்டுவை அந்தப் படத்துக்குக் கீழே நிறுத்தி, எப்போது அப்பாவைப் போல ஆவான் என்று பார்ப்பது அந்த வீட்டில் ஒரு சடங்கு. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிள்ளை மாடிப்படியில் பந்தை உருட்டிவிடுவாள். லட்டு தலைதெறிக்கக் கீழே ஓடி, கவ்விக்கொண்டு, மூச்சிரைக்க மேலே வரும். மறுபடி உருட்டுவாள். இருவருக்கும் உலகத்தில் அதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் இல்லை.

பத்தாவது மாசம் லட்டு இரண்டு பின்னங்காலையும் சேர்த்து வைத்து முயல் மாதிரி தத்தியது. எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்புக் கிண்ணத்தில் எலும்பு சரியாக உட்காரவில்லை, பெரும்பாலும் இது தாய் தகப்பனிடமிருந்து வருவது என்றார் டாக்டர். அனுபமா உடனே கைப்பையிலிருந்து மேஜர் படத்தின் இன்னொரு பிரதியை எடுத்துக் காட்டினாள். அப்பா நாய் இப்படி நிற்கிறதே, எடுத்தவரே எங்களுக்குத் தெரிந்தவர், கேட்டுத்தானே வாங்கினோம் என்றாள். டாக்டர் படத்தைப் பார்த்தார். இவ்வளவு நல்ல இடுப்பா என்று யோசித்தார். அப்படியானால் வளர்கிற வயசில் படியேறி இறங்கினதும் வழவழ தரையில் ஓடினதும்தான் கெடுத்திருக்கும் என்றார். பக்கத்தில் பிள்ளை நின்றுகொண்டிருந்தாள்.

இதையெல்லாம் அனுபமாவேதான் துரைராஜிடம் தெருவில் நிறுத்திச் சொன்னாள். பிள்ளை பந்தை எடுத்து அலமாரிக்குள் பூட்டிவிட்டாளாம். படியில் கால் வைக்கும்போதெல்லாம் முகம் செத்துப்போகிறதாம். நான்தான் லட்டுவைக் கெடுத்தேன் என்று தூக்கத்தில்கூடச் சொல்கிறாளாம். நாமதான் கவனிக்காம விட்டுட்டமுங்க என்று சொல்லும்போது அனுபமாவுக்குக் கண் கலங்கியது. துரைராஜ் வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து, சரியாகிவிடும் என்று ஒரு வார்த்தை வந்தது. அவ்வளவுதான் வந்தது.

அவர் பொல்லாதவர் இல்லை. தெருநாய்க்கு அடிபட்டால் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடுகிற மனிதர். ஆனால் நல்லவனுக்கும் வாய் அடைக்கிற இடம் ஒன்று உண்டு. வீட்டில் விஜயகுமாரி, சொன்னீர்களா என்று கேட்பாள். இப்போது சொன்னால் நாயின் கால் சரியாகிவிடுமா என்று அவர் திருப்பிக் கேட்பார். முதலில் தினம் கேட்டாள், பிறகு வாரத்துக்கு ஒருமுறை கேட்டாள், பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். படப்பிடிப்புக்குக் கூட வருவதும் மெல்ல மெல்லக் குறைந்தது. அவர் தானே பூனை மாதிரி கத்தப் பழகினார். எந்த நாயும் அதை நம்பவில்லை. இப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

2009இல் ஹர்ஷிதாவுக்குப் பத்தாவது பிறந்தநாள். பரிசு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, லட்டுவும் மேஜர் மாதிரி நிற்கிற ஒரு படம் வேண்டும் என்றாளாம். இன்னும் கொஞ்ச நாளில் அதனால் நிற்கவே முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அனுபமா வந்து கூப்பிட்டாள். துரைராஜ் மனைவியைப் பார்த்தார்.

"நான் வரல. என் கைக்கு நக்கோ" என்று சொல்லிவிட்டு விஜயகுமாரி துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பட்டாளத்து நிலத்தின் வேலியை ஒட்டி ஒரு புல் சரிவு உண்டு. அவர் வழக்கமாக நாய்களை நிறுத்துகிற இடம். லட்டுவை அங்கே தூக்கிக்கொண்டு போனார்கள். முன்னங்கால் மேட்டில், பின்னங்கால் பள்ளத்தில். நின்றது, நடுங்கியது, உட்கார்ந்தது. மறுபடி நிறுத்தினார்கள். மறுபடி உட்கார்ந்தது. கடைசியில் அனுபமாவே பின்னால் போய் உட்கார்ந்து, வயிற்றுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினாள். இப்படிப் பிடித்தால் படத்தில் கை தெரியுமே என்று கவலைப்பட்டாள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. லட்டு கழுத்தைத் திருப்பி அவள் மணிக்கட்டை நக்கியது. துரைராஜுக்குக் கேமரா கண்ணில் நிற்கவில்லை. வெயில் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிள்ளைக்கு அன்றைக்கே பார்க்க வேண்டும். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தார். ஹர்ஷிதா பக்கத்து நாற்காலியில் முட்டி போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அனுபமா அடுக்களையில் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள். அவர் முதலில் சுண்டுவிரலை அழித்தார். பிறகு மோதிர விரலை, மோதிரத்தோடு. விரல் போன இடத்தில் ரோமம் முளைத்தது. நடுவிரலும் போனது. லட்டு தானாகவே நிற்கத் தொடங்கியது.

பிள்ளை திரையைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய், சுவரிலிருந்து மேஜரின் படத்தைப் பிய்த்துக்கொண்டு வந்தாள். திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். தமிழில் என்ன கேட்டாலும் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ பதில் சொல்கிற பிள்ளை அது. அன்றைக்குத் தமிழில் கேட்டாள்.

"அங்கிள், மேஜருக்கும் கை இருந்துச்சா?"

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியும் அவருக்குக் கிடைத்தது. பிள்ளையின் விரல் படத்தில் மேஜரின் வயிற்றுக்கடியில், சரியாக அந்த இடத்தில் இருந்தது.

"ஹவ் பேட்டா" என்றார் துரைராஜ். "இருந்துச்சு. ஆன்ட்டியோட கை. மேஜராலயும் நிக்க முடியாது."

"அப்போ நான் ஸ்டெப்ஸ்ல ஓட வெச்சதால இல்லயா?"

"இல்லம்மா. நீ ஒண்ணும் பண்ணல. அது பொறக்கும்போதே இருந்துச்சு."

பிள்ளை அழுவாள் என்று நினைத்தார். அவள் நாற்காலியிலிருந்து இறங்கி, மேசைக்கடியில் படுத்திருந்த லட்டுவின் பக்கத்தில் போய்த் தரையில் படுத்துக்கொண்டாள். அதன் காதுக்குள் ஏதோ தெலுங்கில் சொன்னாள். ஒரு வருஷமாகத் தூக்கிக்கொண்டு திரிந்ததை இறக்கி வைத்த பிள்ளையின் முதுகு மேலும் கீழும் ஏறி இறங்கியது. அதைப் பார்த்தபோதுதான் துரைராஜுக்குத் தான் செய்தது என்ன என்பது முழுசாகப் புரிந்தது. படம் எடுத்தது ஒரு தப்பு. அதை ஒரு நாளில் செய்தார். வாயை மூடிக்கொண்டிருந்ததை முந்நூற்றுச் சொச்சம் நாள், தினம் தினம் செய்திருக்கிறார்.

அனுபமா அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். கத்தவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மொதல்லயே உங்கள வந்து கேட்டனுங்களேண்ணா" என்றாள்.

அவர் திரைப்பக்கம் திரும்பி, செய்ததையெல்லாம் பின்னோக்கி ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். நடுவிரல் வந்தது. மோதிரம் வந்தது. சுண்டுவிரல் வந்தது. கை இருக்கிறபடியே படத்தைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார்.

தீபக் மீது புகார் கொடுக்கலாம், மேஜரின் மூலப்படத்தை மட்டும் தாருங்கள் என்று இரண்டு நாள் கழித்து அனுபமாவின் புருஷன் ஃபோனில் கேட்டான். துரைராஜ் தன்னிடமிருந்த குறுந்தட்டுகளையெல்லாம் தரையில் பரப்பித் தேடினார். இல்லை. அந்தக் காலத்தில் அவர், கம்ப்யூட்டரில் இடம் அடைக்கிறது என்று, திருத்திய படத்தை மூலப்படத்தின் மேலேயே சேமித்துவிடுவார். தன் கைத்திறமை மேல் அத்தனை நம்பிக்கை. விஜயகுமாரியின் கை உலகத்தில் எங்கேயும் இல்லை. வாய்ச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. தீபக் ஊரைச் சுற்றித் துரைராஜைப் பற்றி நாலு விதமாகப் பேசினான். நாச்சாரத்து வேலை நின்றது. எதற்குப் பயந்து ஒரு வருஷம் வாய் திறக்காமல் இருந்தாரோ அது நடந்தது. நடந்த பிறகு பார்த்தால், அது அப்படியொன்றும் பெரிதாக வலிக்கவில்லை. இதற்காகவா என்றுதான் தோன்றியது.

குட்டி விற்கிறவர்களுக்குப் படமெடுப்பதை விட்டுவிட்டார். வீட்டு நாய்கள், கிழட்டு நாய்கள், தத்தெடுத்த தெருநாய்கள், இவைதான் மிச்சம். சங்கிலி இருந்தால் சங்கிலியோடு எடுத்தார். விஜயகுமாரி மறுபடி கூட வந்து அவர் தலைக்குப் பின்னால் உட்கார்ந்து கத்தினாள். ஆனால் அந்த விஷயத்தை அவர்கள் இருவரும் அப்புறம் பேசவே இல்லை.

லட்டு அதற்குப் பிறகும் நாலு வருஷம் இருந்தது. ஹர்ஷிதா ஒரு பழைய துண்டை அதன் வயிற்றுக்கடியில் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்தைத் தூக்கியபடி தினம் சாயங்காலம் தெருவில் நடத்திக்கொண்டு போவாள். முதலில் இரண்டு கையாலும் தூக்கினாள். வளர்ந்த பிறகு ஒரு கையாலேயே தூக்கினாள். வளர்ந்த ஜெர்மன் ஷெப்பர்டின் பாதிக் கனம் என்பது சின்னக் கனம் இல்லை. நாலு வீட்டுக்கு ஒருமுறை நின்று கை மாற்றிக்கொள்வாள். துரைராஜ் வீட்டு வாசல் கை மாற்றுகிற இடங்களில் ஒன்று. அவரைப் பார்த்தால் தலையசைப்பாள். அவரும் அசைப்பார்.

ஒரு நாளாவது படியிறங்கிப் போய், கொடு பாப்பா, இந்தத் தெரு முனை வரைக்கும் நான் பிடிக்கிறேன் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவள் கொடுத்திருப்பாள் என்றுதான் அவருக்குத் தோன்றுகிறது. நாலு வருஷம் தினம் சாயங்காலம் அதை நினைத்துக்கொண்டே வாசலில் உட்கார்ந்திருந்தார். 2013 மழைக்காலத்தில் ஒருநாள் அவள் துண்டு இல்லாமல், வெறுங்கையோடு அந்த வழியாக நடந்து போனாள்.